பையோடு எடுக்கணும்

கொடைக்கானல் மலையிலிருக்கும் வில்பட்டியில் நெஞ்சிலிருக்கும் கட்டியைக் காட்டுவதற்கென்றே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அபூர்வம். இருமலுக்கு வருவார்கள். மூட்டுவலிக்கு வருவார்கள். பேரப்பிள்ளையின் காய்ச்சலுக்கு வந்த இடத்தில் "அப்படியே எனக்கும் ஒரு ஊசி போட்டு விடுங்க" என்பார்கள். ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டும், ஸ்வெட்டரைக் கழற்றுங்கள் என்றால் மப்ளர், ஸ்வெட்டர், சட்டை, அதற்குள் இன்னொரு பழைய சட்டை, பனியன் என்று ஒவ்வொன்றாகக் கழன்று, கடைசியில் மார்பில் ஓர் உருண்டை தெரியும். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டால், "அது கெடக்கு சார் பத்துப் பன்னெண்டு வருசமா. நீங்க இருமலைப் பாருங்க" என்று பதில் வரும்.

கீழே வத்தலக்குண்டிலோ பெரியகுளத்திலோ இப்படி ஒளித்து வைக்க முடியாது. வெற்றுடம்போடு திண்ணையில் உட்கார்ந்திருப்பவரின் மார்பில் மிளகளவு புடைப்பு வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுவிடுவார். மலையில் குளிர் எல்லாவற்றையும் போர்த்தி வைத்துவிடுகிறது. புருஷனுக்குக் கட்டி இருப்பது பெண்டாட்டிக்கே தெரியாத வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை படித்துவிட்டு நான் கொடைக்கானலுக்கு வேலைக்குப் போனபோது அந்த மலை மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 1985-ல் திண்டுக்கல் தனி மாவட்டமானது. ஆனாலும் பெரிய வியாதி என்றால் மலைக்காரர்களுக்கு மதுரை பெரியாஸ்பத்திரிதான். பரிசோதனைக்கு அனுப்பும் சதைத்துண்டுக்கும் அதே வழிதான். மூஞ்சிக்கல்லில் பஸ் ஏறினால் பெருமாள்மலை, வத்தலக்குண்டு என்று வளைந்து வளைந்து மதுரை போய்ச் சேர்வதற்குள் பாதி நாள் போய்விடும். வாரத்தில் ஒருநாள் வில்பட்டிக்குப் போய், டீக்கடைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் நோயாளிகளைப் பார்ப்பேன். அறுக்க வேண்டியவர்களை மட்டும் மேலே, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் மைனர் தியேட்டருக்கு வரச்சொல்வேன்.

வில்பட்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய நிலம். பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ். இந்த மலையின் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு வெகுகாலம் முன்பே வடுகபட்டிச் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு. அந்தப் படிகளில் எருவை ஏற்றுவதும் மூட்டையை இறக்குவதும் மனித முதுகும் மட்டக்குதிரையும்தான். மருந்தடிக்கும் டேங்கை முதுகில் மாட்டினால் இரண்டு வாரும் தோளில் தொடங்கி மார்பு வழியாக இறங்கும். மார்பிலே ஒரு கட்டி இருந்தால், அந்த வார்தான் அதை முதலில் கண்டுபிடிக்கும்.

அப்படி வந்தவர்தான் இந்தக் கட்டுரையில் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிற பூண்டு விவசாயி. நாற்பதைத் தாண்டியவர். வலது மார்பில், காறை எலும்புக்கு நாலு விரற்கடை கீழே, நெல்லிக்காய் அளவில் ஓர் உருண்டை. வார் உரசி உரசி மேலே தோல் கறுத்திருந்தது. இவரும் அதைக் காட்ட வரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டதென்று வந்தவர்.

கட்டியைப் பார்த்தால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு கண்ணால் பார்க்க வேண்டும் என்பது எங்கள் வாத்தியார்கள் அடித்துச் சொல்லிக்கொடுத்த பாடம். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்தால், உருண்டையின் உச்சியில் ஊசி குத்திய அளவுக்கு ஒரு கரும்புள்ளி தெரியும். அதுதான் அடையாளம். எல்லாக் கட்டியிலும் தெரியாது. தெரிந்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்தது. அப்புறம் விரல். கட்டியின் மேலுள்ள தோலைக் கிள்ளித் தூக்கப் பார்த்தால், சுற்றிலும் வரும், அந்தப் புள்ளி இருக்குமிடத்தில் மட்டும் வராது. அங்கே தோலும் கட்டியும் ஒட்டிப் பிறந்தவை. ஆனால் மொத்தக் கட்டியையும் அடியிலிருக்கும் தசையின் மேல் இப்படியும் அப்படியும் நகர்த்தலாம். நிஜமான கொழுப்புக் கட்டி வேறு மாதிரி. தோல் அதன் மேல் தாராளமாக நகரும், ஓரத்தை விரலால் அழுத்தினால் நழுவி அந்தப் பக்கம் ஓடிவிடும். இது ஓடாது. அழுத்தினால் சிலரிடம் விரல் பதிந்த குழி கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும், உள்ளேயிருப்பது அவ்வளவு கெட்டிப் பசை என்பதால்.

மார்பு என்பதால் இன்னொரு வேலையும் உண்டு. உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருக்க வேண்டும். நாடியோடு சேர்ந்து கட்டி துடிக்கிறதா? இருமச் சொன்னால் புடைக்கிறதா? பெருந்தமனி வீங்கி மாரெலும்பை அரித்துக்கொண்டு தோலுக்கடியில் வந்து நின்ற கதைகளை மதுரையில் எங்கள் பேராசிரியர் ஒருவர் வருஷா வருஷம் சொல்வார். நான் என் வாழ்நாளில் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. ஆனாலும் கை வைக்காமல் கத்தி வைத்ததும் இல்லை.

பூண்டுக்காரரிடம் "இது ஒண்ணுமில்லை, தோலுக்குள் உண்டான பை" என்றேன். நம்பவில்லை. "கொழுப்புன்னு சொன்னாங்களே சார். அதுக்குத்தான் நெய்யை நிறுத்தினேன், பன்னிக்கறியை நிறுத்தினேன்." கொழுப்பு அதில் கிடையாது. நம் மேல்தோல் தினமும் தேய்ந்து உதிர்ந்துகொண்டே இருக்கிறது. குளிக்கும்போது அழுக்கென்று தேய்த்துவிடுவதில் பாதி அதுதான். முடி முளைக்கும் குழியின் வாயிலுள்ள அந்த மேல்தோல் செல்கள், ஏதோ ஒரு காரணத்தால், உள்பக்கமாகப் புதைந்துவிட்டால் அங்கே ஒரு பை கட்டிக்கொள்கின்றன. பைக்குள்ளும் அவை செய்வது அதே வேலையைத்தான், உதிர்ந்துகொண்டே இருப்பது. வெளியே போக வழியில்லாததால் உதிர்ந்ததெல்லாம் சேர்ந்து கெட்டிப்படுகிறது. நகத்திலும் முடியிலும் இருக்கிறதே கெராட்டின், அதே சரக்குதான் பசையாக ஊறிக் கிடக்கும். அதனால்தான் நெய்யை நிறுத்தினாலும் குறையாது, சாப்பிட்டாலும் கூடாது. பன்னிரண்டு வருஷம் அந்த மனிதர் நெய் இல்லாமல் இட்லி தின்றிருக்கிறார்.

அன்றே எடுக்கவில்லை. நாலு நாளைக்கு முன்னால் யாரோ சொன்னார்களென்று சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பத்துப் போட்டு, அதற்கும் அசையாமல் போகவே இரண்டு கட்டைவிரலாலும் பிதுக்கியிருக்கிறார். கொஞ்சம் வெளியே வந்திருக்கிறது, வீடே நாறியிருக்கிறது. மீதி உள்ளுக்குள் பை கிழிந்து சுற்றியுள்ள சதையில் பரவிவிட்டது. கெராட்டினை உடம்பு அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். சிவந்து, சுட்டு, வீங்கி, தொடமுடியாமல் வலித்தது. "பழுத்திருச்சு" என்றார். சீழ் பிடித்துத்தான் எல்லாம் பழுக்கிறது என்றில்லை, பாதி நேரம் உடம்பின் கோபம்தான். எப்படியானாலும் அந்த நிலையில் பையை எடுக்கப் போகக் கூடாது. எது பை, எது சதை என்றே தெரியாது. தொட்ட இடமெல்லாம் ரத்தம். மரப்பு ஊசியும் வீங்கிய சதையில் சரியாகப் பிடிக்காது. சீழ் கோத்திருந்தால் சின்னதாகக் கீறி வெளியேற்றிவிட்டு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவருக்கு அதைத்தான் செய்தோம். ஆறு வாரம் கழித்து, வீக்கமெல்லாம் வடிந்தபிறகு வாருங்கள், பையை எடுக்க வேண்டும், எடுக்காவிட்டால் திரும்ப வரும் என்று சொல்லி அனுப்பினோம்.

இங்கேதான் மலையில் வைத்தியம் பார்ப்பவனுக்குத் தலைவலி. வலி போன மனிதன் திரும்ப வரமாட்டான். ஆறு வாரம் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு; அவருடைய கணக்கு பூண்டுக் கணக்கு. "பூண்டு எடுத்துட்டு வர்றேன் சார்" என்றார். எடுத்தால் போதாது, அடுப்புக்கு மேலே பரணில் கட்டுக் கட்டாகத் தொங்கவிட்டுப் புகை காட்ட வேண்டும். அந்த ஊர் வீடுகளுக்குள் நுழைந்தால் அதனால்தான் கண் எரியும். சுவரெல்லாம் கறுத்து, பூண்டும் புகையும் கலந்த ஒரு வாடை துணியில் ஏறிக்கொண்டு வீட்டுக்கு வரும் வரை போகாது. பதமானபிறகு பிரித்து, மூட்டை கட்டி, வடுகபட்டி போய் விற்று, கடன் அடைத்து, மிச்சமிருந்தால்தான் உடம்பு ஞாபகம் வரும். எனக்குத் தெரிந்து இந்தக் கட்டியில் அவசரம் என்பது வீங்கும்போது மட்டும்தான். மற்றபடி பூண்டுக்குக் காத்திருக்கலாம். அதைச் சொன்னதும் அவருக்கு என்மேல் நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். சொன்னபடி வந்தார், மனைவியையும் கூட்டிக்கொண்டு.

வந்தவர் மேஜையில் ஏறவில்லை. மனைவிதான் பேசினார். "கத்தி பட்டா புத்து வச்சிரும்னு சொல்றாகளே தம்பி." இந்தப் பயத்தைச் சிரித்து ஒதுக்கும் டாக்டர்கள் உண்டு, நான் ஒதுக்கியதில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. முற்றிய புற்றோடு வந்தவருக்கு எங்கேயோ கத்தி வைத்திருப்பார்கள், அது மறுபடி வந்து ஆளைக் கொண்டுபோயிருக்கும். பார்த்தவர்களுக்குக் கத்தி ஞாபகமிருக்கும், வருஷக்கணக்கில் காட்டாமல் விட்டது ஞாபகமிருக்காது. கத்தியால் புற்று வருவதில்லை. இந்தவகைப் பையில் புற்று வருவதே மிக அபூர்வம் என்று சொல்லி, எடுத்ததை மதுரைக்கு அனுப்பிப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னேன். கடைசியாகச் சொன்னதுதான் வேலை செய்தது.

மார்பைக் கழுவி, பச்சைத் துணியைப் போர்த்தி, கட்டி மட்டும் தெரிய ஒரு ஓட்டை. மரப்பு மருந்து லிக்னோகைன், கொஞ்சம் அட்ரினலின் கலந்தது. இதை நேராகக் கட்டிக்குள் குத்தக் கூடாது. அழுத்தத்தில் பை வெடித்துவிடும். சுற்றிலும், அடியிலும், வைரம்போல் நாலு பக்கம் கொடுக்க வேண்டும். அட்ரினலின் ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் தோல் வெளுத்துக்கொண்டே வரும். நன்றாக வெளுக்கும்வரை காத்திருக்கப் பொறுமை வேண்டும். அவசரப்பட்டவர்களின் மேஜையில்தான் நோயாளி கத்துவார்.

அந்தக் காத்திருப்பில் சொல்வதற்கென்றே என்னிடம் ஒரு கதை உண்டு. 1821 வாக்கில் இங்கிலாந்து ராஜா நான்காம் ஜார்ஜுக்கு உச்சந்தலையில் இதே மாதிரி ஒரு கட்டி. ஆஸ்ட்லி கூப்பர் என்கிற லண்டன் டாக்டர் எடுத்தார். எடுப்பது சுலபம், எடுத்தபிறகு அக்கி மாதிரிச் சிவந்து பரவும் தொற்று வந்து ராஜா செத்துப்போனால் என்ன ஆவது என்பதுதான் அவருக்குப் பயம். கிருமி என்றால் என்னவென்றே தெரியாத காலம் அது. ராஜா பிழைத்தார், கூப்பருக்குப் பட்டம் கிடைத்தது. கூப்பரின் மருமகன் முறையுள்ள எட்வர்ட் காக் என்பவரும் அதே ஊரில் சர்ஜன். தலையில் இந்தக் கட்டி உடைந்து புண்ணாகி, பார்ப்பதற்கு அசல் புற்று மாதிரியே வளர்ந்து நிற்பதற்கு இன்றைக்கும் அவர் பெயர்தான். எல்லா எம்.பி.பி.எஸ். மாணவனும் வைவாவில் ஒருமுறையாவது அந்தப் பெயரில் மாட்டியிருப்பான். பூண்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ராஜாவுக்கு இந்த ஊசி போட்டாங்களா?" என்று கேட்டார். இல்லை. ஈத்தர் மயக்கம் வந்தது 1846-ல். இந்த லிக்னோகைனை ஸ்வீடனில் செய்தது 1943-ல். ராஜா விழித்துக்கொண்டேதான் இருந்தார். "அப்ப நம்ம பரவால்ல" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

கரும்புள்ளியை நடுவில் வைத்து, தோலின் வரி ஓடும் திசையில், இலை வடிவத்தில் இரண்டு கீறல். புள்ளியை விட்டுவிட்டு எடுத்தால் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவதற்குச் சமம். கீறல் தோல் அளவுக்குத்தான் போக வேண்டும், ஒரு நூல் அதிகம் போனாலும் பையில் ஓட்டை விழும். பிறகு கத்தியைக் கீழே வைத்துவிடலாம். இலை மாதிரி வெட்டிய தோல்துண்டை அல்லிஸ் இடுக்கியால் பிடித்து மெதுவாகத் தூக்கினால், கீழே பையின் சுவர் பளபளவென்று வெளுப்பாகத் தெரியும். அதற்கும் சதைக்கும் நடுவே வளைந்த கத்தரியின் மூடிய நுனியை நுழைத்து, வெட்டாமல், திறந்து திறந்து விலக்க வேண்டும். முன்பு வீங்காத கட்டியென்றால் தானாகவே விலகிக்கொடுக்கும். இவருக்கு ஒரு பக்கம் பழைய வீக்கத்தின் தழும்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த ஓரத்தில் நேரமெடுத்தது. கத்தரியை வைத்துவிட்டுக் காஸ் துணியால் தேய்த்தே பிரித்தேன்.

எங்கள் தியேட்டர் சிஸ்டருக்கு இந்த இடத்தில் சொல்ல ஒரே வாசகம்தான்: "டாக்டர், பையோடு எடுக்கணும்." ஒவ்வொரு கட்டிக்கும் சொல்வார். எனக்கு அது தெரியாது என்றல்ல. சுவரில் ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் அந்தச் செல்கள் பழைய வேலையைத் தொடங்கிவிடும், ஒரு வருஷத்தில் அதே ஆள் அதே கட்டியோடு வந்து நிற்பார், டிரெஸ்ஸிங் மறுபடி சிஸ்டர் தலையில் விழும்.

வந்தது முழுசாக. சிறுநீரக வடிவத் தட்டில் போட்டதும் பூண்டுக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம பூண்டுப் பல்லு கணக்கா இருக்கே" என்றார். தோல் உரிக்காத பல் மாதிரிதான் இருந்தது. அவர் பார்க்கவேண்டும் என்றதால் தட்டிலேயே ஒரு ஓரத்தைக் கீறிக் காட்டினேன். மங்கிய மஞ்சளில் பசை பிதுங்கியது, நாற்றம் அறையை நிறைத்தது, மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். குழிக்குள் ரத்தக்கசிவு நின்றதா என்று பார்த்து, அடியில் கரையும் நூலில் இரண்டு தையல், மேலே நைலான். மார்புத் தோல் மூச்சுக்கு மூச்சு இழுபடுவதால் முகத்தில் போல ஐந்தாம் நாள் பிரிக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கட்டும். டேங்க் மாட்டக் கூடாது. அதை மட்டும்தான் தடை செய்தேன். கத்தரிக்காய், கருவாடு, மொச்சை எல்லாவற்றையும் அவர்களாகவே தடை செய்துகொண்டார்கள். பூண்டைத் தடை செய்யவில்லை, புண்ணாற்றும் என்று கூடுதலாகப் போட்டுக்கொண்டார்கள்.

எல்லாக் கட்டியையும் இப்படி அறுத்துவிடலாம் என்றால் சர்ஜன் எதற்கு, நாவிதர் போதுமே. நெஞ்சைப் பொறுத்தவரை விட்டுவிடத் தெரிவதுதான் பெரிய வேலை என்பது என் அனுபவம்.

கல்யாணம் நிச்சயமான பெண். அம்மாவோடு வந்தாள். கதவைச் சாத்திய பிறகும் ரகசியக் குரலில்தான் பேசினார்கள். இரண்டு மார்பகத்துக்கும் நடுவே, கொஞ்சம் இடப்பக்கமாக, பட்டாணி அளவில் ஒரு கட்டி. ஆறேழு மாதமாக இருக்கிறது. மார்பகப் புற்று என்று தானே முடிவு செய்துகொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். சிஸ்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தேன். மார்பகத்தின் சதையோடு அதற்குச் சம்பந்தமே இல்லை, தோலைப் பிடித்தால் கூடவே வருகிறது, டார்ச் வெளிச்சத்தில் கரும்புள்ளியும் தெரிகிறது. அக்குளில் நெறி இல்லை. தோலில் உள்ள பைதான், புற்றில்லை என்றதும் அந்தப் பெண் அழுதாள். அழுது முடித்ததும் அம்மா கேட்டார்: "அப்ப கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்துருங்க தம்பி."

நான் அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தேன். மேல்காதில் குத்திய இடத்தில் வழவழவென்று ஒரு சதை உருண்டு நின்றது. சட்டைக் கையைத் தூக்கச் சொல்லி இடது தோளில் பி.சி.ஜி. ஊசித் தழும்பைப் பார்த்தேன். நம்மில் பெரும்பாலோருக்கு அது பள்ளமாக இருக்கும். அவளுக்கு மேடாக, இளஞ்சிவப்பாக, தழும்பின் எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. கீலாய்டு வரும் உடம்பு. உடம்பிலேயே கீலாய்டுக்கு மிகவும் பிடித்த இடங்கள் மாரெலும்பின் மேலும், தோளும், காதும். நம்மைப் போன்ற கருத்த தோலுக்கு அந்த வாய்ப்பு இன்னும் அதிகம். பட்டாணியை எடுக்கப்போய் அதன் இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு தடித்த தழும்பை வைத்துவிட்டால், அதை ஆயுசுக்கும் அவள் சுமக்க வேண்டும்.

வேண்டாம் என்றேன். அம்மாவுக்குக் கோபம். காசில்லை என்று நினைத்து இப்படிச் சொல்கிறானோ என்றுகூடத் தோன்றியிருக்கும். வலிக்கவில்லை, வளரவில்லை, உடுப்புக்கு வெளியே தெரியவில்லை, பிதுக்காமல் விட்டால் இப்படியே இருக்கும்; வீங்கினால் அன்றைக்கே வாருங்கள் என்று சொல்லி, மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் காட்டட்டும் என்று ஒரு சீட்டில் தமிழிலேயே எழுதிக்கொடுத்தேன். பின்னால் குழந்தைக்குத் தடுப்பூசி போட வந்தபோது பார்த்தேன், பட்டாணி பட்டாணியாகவே இருந்தது.

அந்த அம்மாவிடம் நான் உறுதியாக நின்றதற்குக் காரணம் ஒரு டிரைவர். கீழே எங்கோ கட்டியை எடுத்துக்கொண்டு வந்தவர். அவருக்குச் சரியாக மாரெலும்பின் நடுவில், மேலிருந்து கீழாகக் கீறியிருந்தார்கள். கட்டி போய்விட்டது. தழும்பு வளர்ந்து வளர்ந்து கட்டியைப்போல் மூன்று மடங்கு ஆகிவிட்டது. கொடைக்கானல் குளிருக்கு ஸ்வெட்டர் போடாமலும் முடியாது, கம்பளி பட்டால் அரிப்புத் தாங்காது. தழும்புக்குள் டிரையாம்சினலோன் ஊசியை மாதாமாதம் போட்டு, தட்டையாக்க முயன்றோம். ஊசி உள்ளே போகும்போது வலிக்கிற வலி இருக்கிறதே, கட்டி ஒருநாளும் அவருக்கு அந்த வலியைத் தந்ததில்லை. ஓரளவு அமுங்கியது. மறையவில்லை.

உடம்பு முழுக்க வந்தவர்களும் உண்டு. நெஞ்சு பூராவும் மிளகும் பட்டாணியுமாகச் சிதறிக் கிடக்கும், அப்பாவுக்கும் அத்தைக்கும் அப்படியே இருக்கும். அது வேறு வகை, ஸ்டியாட்டோசிஸ்டோமா என்று பெயர், குடும்பத்தில் வழிவழியாக வருவது, குத்தினால் எண்ணெய்ப் பசையாக வரும். ஒன்றிரண்டு தொந்தரவு செய்தால் எடுக்கலாம், எல்லாவற்றையும் எடுக்கக் கிளம்பினால் நெஞ்சில் தையலுக்கு இடமிருக்காது. நான் இதுவரை சொன்ன, எபிடெர்மாய்டு என்று பெயருள்ள பைகளே சின்ன வயதில் ஏராளமாக வந்து, தாடையெலும்பிலும் மேடுகள் இருந்தால், அவர் வீட்டில் யாருக்காவது குடல் புற்று இருந்ததா என்று கேட்காமல் அனுப்பக் கூடாது. கார்ட்னர் என்பவர் பெயரால் அறியப்படும் பரம்பரை நோய் அது. தோலில் தெரிவது முன்னறிவிப்பு, ஆபத்து குடலில்.

எல்லாவற்றையும்விட எனக்கு நிதானிக்கச் சொல்லிக்கொடுத்தது ஒரு கூலிக்காரரின் விலாக் கட்டி. முட்டையளவு, இடது விலாவின் மேல், மெத்தென்று. கரும்புள்ளி இல்லை. தோல் நகர்கிறது, கட்டி அடியில் எலும்போடு நிற்கிறது. இவ்வளவு பெரிய வீக்கத்தில் சூடே இல்லை, சிவப்பே இல்லை. கூட வந்தவர்கள் "கீறி விட்டுருங்க சார், சனிக்கிழமை சந்தைக்குப் போகணும்" என்று அவசரப்படுத்தினார்கள். சாயங்காலமானால் காய்ச்சல் வருமா என்று கேட்டேன். மலையில் எல்லோருக்கும் சாயங்காலம் குளிரத்தானே செய்யும் என்றார். ஆனால் வேட்டியை முன்பைவிட இறுக்கிக் கட்டவேண்டியிருக்கிறது என்று அவரே சொன்னார். விலா எலும்பில் காசநோய் வந்து சீழ் கோத்துத் தோலுக்கடியில் வந்து நிற்பதுண்டு. அதைக் கீறிவிட்டால் புண் மூடவே மூடாது, மாதக்கணக்கில் ஒழுகும். நல்ல தோல் வழியாக ஊசியைச் சாய்த்து நுழைத்துக் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அதுதான். அரசு ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிட வேண்டும், இரண்டாம் மாதமே உடம்பு தேறிவிடுவதால் பாதியில் நிறுத்திவிடுவார்கள் என்பதுதான் சங்கடம். அவர் நிறுத்தவில்லை, அவருடைய அக்கா நிறுத்த விடவில்லை. கத்தியே படாமல் கட்டி வற்றிப் போனது.

அந்தக் கூலிக்காரரையும் பூண்டுக்காரரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்துச் சட்டையோடு பார்த்தால் இரண்டுமே நெஞ்சில் ஒரு புடைப்புதான். கழற்றச் சொல்ல வேண்டும், தொட வேண்டும், நாலு கேள்வி கேட்க வேண்டும். மலைக் குளிரில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வெளியே முப்பது பேர் நிற்கும்போது, அதற்குத்தான் மனசு வராது.

எடுத்த கட்டி எல்லாவற்றையும் நாங்கள் மதுரைக்கு அனுப்பினோம். வாயகன்ற பாட்டிலில் ஃபார்மலின் ஊற்றி, கட்டியைப் போட்டு, மூடியைச் சுற்றிப் பிளாஸ்திரி ஒட்டி, பெயரும் வயதும் எடுத்த இடமும் எழுதி, மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுப்பார் வார்டுபாய். கண்டக்டர் ஒருவர் அதைத் தொடமாட்டார், பைக்குள் பையாகப் போட்டுக் கொடுத்தால்தான் வாங்குவார். இன்னொருவர் சீட்டுக்கு மேலே ஊறுகாய்ப் பாட்டிலோடு சேர்த்து வைத்துக்கொள்வார். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் பாட்டிலும் பயணிகளோடு சேர்ந்து ராத்திரி முழுக்க நடுவழியில் கிடக்கும். பத்து நாளில் அறிக்கை வரும். பெரும்பாலும் ஒரே வாசகம்தான்: எபிடெர்மாய்டு பை, புற்றுக்கான அடையாளம் இல்லை. பூண்டுக்காரருக்கும் அதுதான் வந்தது. தையல் பிரிக்க வந்த அன்று அந்தத் தாளைக் கொடுத்தேன். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மனைவி வாங்கி, நாலாக மடித்து, ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது மலையிலிருந்து மதுரைக்குப் பாட்டில் அனுப்ப அந்தப் பாடெல்லாம் இல்லை. ஆனாலும் சின்னக் கட்டிதானே என்று எடுத்ததை வாளியில் போட்டுவிடும் பழக்கம் ஊருக்கு ஊர் இருக்கிறது. போடாதீர்கள் என்று இளம் டாக்டர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் கட்டி எடுத்துக்கொண்டவராக இருந்தால், எதில் எடுத்தாலும் சரி, எங்கே எடுத்தாலும் சரி, தையல் பிரிக்கப் போகும் நாளில் பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.